அஞ்சு நிமிஷம் அக்கா

அந்த மருத்துவமனையின் நான்காம் மாடியில், இருதயப் பிரிவின் கடைக்கோடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை இருக்கிறது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஸ்கேன் மெஷின், போகிறவர் மூக்கை விறைக்க வைக்கும் ஒரு ஏ.சி. அந்த அறைக்கு இருபத்திரண்டு வருடமாக ஒரே மகாராணிதான். ஐம்பத்து நான்கு வயது டெக்னீஷியன். பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுடைய அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் ‘அஞ்சு நிமிஷம் அக்கா’.

பெயர் சும்மா வந்துவிடவில்லை. இருதயக் குழாயில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தவர்களை அவளிடம் அனுப்புவார்கள். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டையைச் சுற்றி, காற்றடித்து இறுக்கி, கைக்கு ரத்தம் போகாமல் நிறுத்திவிடுவாள். சரியாக ஐந்து நிமிடம். கை மரத்துப்போகும், விரலெல்லாம் எறும்பு ஊரும். பிறகு பட்டையைத் திறந்துவிட்டால் ரத்தம் குபுகுபுவென்று பாயும். நல்ல குழாய் அந்தப் பாய்ச்சலை உணர்ந்து தானாகவே அகன்று வழிவிடும். கெட்டுப்போன குழாய் எனக்கென்ன என்று கிடக்கும். எவ்வளவு அகன்றது என்று முழங்கைக்கு மேலே ஸ்கேனில் அளந்து, சதவீதம் போட்டு எழுதித் தருவாள். கைக்குழாயின் இந்தக் குணத்தையும் மற்ற பரிசோதனைகளையும் சேர்த்து வைத்து, யாருக்கு இன்னொரு தடவை ஆபத்து வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர்கள் கணிப்பார்கள்.

“அஞ்சே நிமிஷம்தான். பல்லைக் கடிச்சுக்குங்க. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது” என்பாள் அக்கா. பேசினால் கை அசையும், கை மயிரிழை அசைந்தாலும் திரையில் குழாய் காணாமல் போய்விடும். இதில் அவள் ரொம்பக் கறார். ஒரு ரிட்டயர்டு நீதிபதியையே “உஷ்!” என்று அடக்கியவள். நகல் எடுக்கும் கடை வைத்திருக்கும் அவள் கணவர், “பட்டை இல்லாமலே எனக்கு முப்பது வருஷமா அதான் நடக்குது” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் முட்டை வேகவைக்க அவளுக்குக் கடிகாரமே தேவையில்லை.

அளப்பதற்கு முன் சில நிபந்தனைகள் உண்டு. வெறும் வயிறு. காபி, சிகரெட் கூடாது. முக்கியமாக, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அன்றைக்கு ஆகவே ஆகாது. அது குழாயை முன்கூட்டியே அகட்டிவிடும். ஏற்கெனவே அகன்று நிற்கிற குழாய் அதற்கு மேல் எங்கே அகலும்? சதவீதம் பாதாளத்தில் போய் விழும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தார். வயது நாற்பத்தொன்பது. ஸ்டென்ட் வைத்த புதிதில், ஆறு மாதத்துக்கு முன் ஒரு தடவை வந்திருக்கிறார். “ஊரையே மேல தூக்கி விடுறவன்க்கா நான். ஆனா எனக்கு மேல போக அவசரமே இல்ல” என்று அப்போதே அவளைச் சிரிக்க வைத்தவர். அன்றைக்குப் பார்த்து மருத்துவமனை லிப்ட் இரண்டும் வேலை செய்யவில்லை. மனுஷர் நான்கு மாடியும் படியேறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பின்னாலேயே அவர் மனைவி, கையில் பைலும் துணிப்பையுமாக.

“பார்த்தீங்களாக்கா, என்னைய வேலைக்கு அனுப்பாததுக்கு உங்க லிப்டே படுத்துக்கிச்சு!” என்றார்.

அவருக்கு அன்றைக்குக் காரியம் இருந்தது. இந்த ரிப்போர்ட் நன்றாக வந்தால்தான் கம்பெனி டாக்டர் அவரை மறுபடி லிப்ட் குழிக்குள் இறங்க விடுவார். இல்லாவிட்டால் ஸ்டோர் ரூம்தான்.

“நட்டு போல்ட் எடுத்துக் குடுத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்க்கா. பத்தொன்பது வயசுல கயித்துல தொங்க ஆரம்பிச்சவன். இப்ப நேத்து வந்த பசங்க, ‘அண்ணே, ஒரு ஸ்க்ரூ குடுங்க’ன்னு கையை நீட்டுறானுங்க” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அந்தச் சிரிப்பு கண் வரைக்கும் போகவில்லை.

அக்கா வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். காபி? இல்லை. சிகரெட்? விட்டு ஆறு மாதம். நாக்குக்கு அடியில் மாத்திரை?

“சேச்சே, அதுக்கெல்லாம் வேலையே இல்லக்கா. குதிரை மாதிரி இருக்கேன்.”

மனைவி அவர் சட்டைப்பையை ஒரு பார்வை பார்த்தாள். பைலைக் கொடுத்துவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

அக்கா கதவைச் சாத்தி, விளக்கைக் குறைத்து, அவரைப் படுக்கவைத்து, பட்டையைக் கட்டி, ஜெல்லைத் தடவினாள். பட்டையை இறுக்குவதற்கு முன் குழாய் இயல்பாக எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். போன தடவை மூன்று புள்ளி ஒன்பது மில்லிமீட்டர். இன்றைக்குத் திரை நான்கு புள்ளி ஐந்து என்றது. கைதான் சரியாகப் பிடிக்கவில்லையோ என்று மறுபடி அளந்தாள். நான்கு புள்ளி ஐந்து. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்றாம் தடவை அளந்தாள். ஒரு இம்மி குறையவில்லை. திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். கன்னம் சிவந்திருந்தது. இன்னொரு கையால் நெற்றிப்பொட்டை அழுத்திக்கொண்டிருந்தார். அந்த மாத்திரை போட்டால் வருகிற தலைவலி அது.

அவளுக்குப் பழசு ஒன்று ஞாபகம் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு டிராயிங் மாஸ்டர் இதே போல வந்தார். மாத்திரை போட்டுவிட்டு வந்ததை அவள் கையும் களவுமாகப் பிடித்தாள். “படிச்சவர்தானே நீங்க, சொன்னா கேட்க மாட்டீங்களா?” என்று திட்டி, ‘பரிசோதனை செல்லாது, மறுபடி எடுக்கவும்’ என்று எழுதி, பத்து நாள் கழித்துத் தேதி கொடுத்து அனுப்பிவிட்டாள். விதிமுறைப்படி எல்லாம் சரி. ஏன் மாத்திரை போட்டீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பத்தாம் நாள் அவர் வரவில்லை. போன் போட்டபோது மகள் எடுத்து, அப்பா இறந்து ஆறு நாள் ஆகிறது என்றாள். அக்காவை யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவளே சொல்லிக்கொண்டது போதாதா?

“தம்பி, இன்னைக்கு மாத்திரை போட்டீங்களா?”

“இல்லக்கா.”

“ஆறு மாசத்துல குழாய் இவ்வளவு பெருக்காது.”

“தினமும் நடக்கிறேன்ல, அதுல பெருத்திருக்கும்.”

எனக்கே காது குத்துகிறாயா என்று கேட்கத்தான் அவளுக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டாள். இப்போது செல்லாது என்று எழுதினால், இவர் அடுத்த வாரம் மாத்திரை போடாமல் வந்து, நல்ல சதவீதம் வாங்கிக்கொண்டு நேராகப் போய் லிப்ட் குழிக்குள் தொங்குவார். இப்படியே அளந்து எழுதினாலோ, எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாத வெறும் எண்ணாகப் போகும். இரண்டிலும் இந்த ஆளின் வலி வெளியே வராது.

அவள் பட்டையைக் கழற்றினாள். மெஷினை அணைத்தாள். ஜெல்லைத் துடைத்துவிட்டு ஸ்டூலைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு டெஸ்ட் இல்ல. ஆனா இந்த அஞ்சு நிமிஷம் உங்களுக்குத்தான். பேசுங்க” என்றாள்.

மெக்கானிக் திருதிருவென்று முழித்தார். பேசாதே என்று அதட்டினால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். எதிரே ஒருத்தி கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் என்ன செய்வது?

“மூணாவது மாடியில நெஞ்சைப் பிடிச்சுதுக்கா” என்றார் கடைசியில். “போன்ல பேசுற மாதிரி நின்னுட்டு, அவளை முன்னாடி போகச் சொன்னேன். அப்பதான் போட்டேன்.”

“இதுதான் முதல் தடவையா?”

அவர் மென்று விழுங்கினார். “மூணு வாரமா வருது. மொதல்ல படி ஏறினா மட்டும். இப்ப குளிச்சிட்டுத் தலை துவட்டினாக்கூட...” நெற்றிப்பொட்டை மறுபடி அழுத்திக்கொண்டார். “ஸ்டோர்லயே உட்கார வச்சிருவாங்கக்கா. லிப்ட் வேலை இல்லேன்னா நான் யாரு?”

அக்காவுக்கு அவர் மேல் வந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. அவர் தோளைத் தொட்டாள். “நான் இங்க அளக்கிறது இனிமே வரப்போறதை. உங்களுக்கு வந்தாச்சு, தம்பி. இனி எதுக்கு அளக்கணும்?”

“அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. பயந்துருவா.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. ஆனா இந்த ரூமை விட்டு நடந்து போக மட்டும் விட மாட்டேன்.”

பெரிய டாக்டருக்குப் போன் போட்டு, சக்கர நாற்காலிக்கும் இ.சி.ஜி.க்கும் சொன்னாள். படிவத்தில் சதவீதம் எழுதுகிற கட்டத்தைக் காலியாக விட்டு, பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘மூன்று வாரமாக நெஞ்சு வலி’ என்று எழுதினாள். அன்று மதியமே டாக்டர்கள் வேறோர் இடத்தில் புது அடைப்பைக் கண்டுபிடித்தார்கள், சாயங்காலத்துக்குள் அதைத் திறந்தும்விட்டார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது.

அக்கா கதவைத் திறந்து மனைவியைக் கூப்பிட்டாள். மெக்கானிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். மூன்றாவது மாடி, மூன்று வாரம், மாத்திரை.

மனைவி கத்தவில்லை, அழவில்லை. “எட்டு” என்றாள்.

“என்ன எட்டு?”

“நேத்து வரைக்கும் எட்டு மாத்திரை. இன்னைக்கு ஒன்பது. உங்க சட்டைப்பை டப்பாவை நான் தினமும் எண்ணிட்டுத்தான் இருக்கேன். கொறைஞ்சா, கொறைஞ்ச அளவு வாங்கிப் போட்டு வச்சிருவேன். காலியாகாம எப்படி இருக்குன்னு நீங்க ஒரு நாளாவது யோசிச்சீங்களா?”

அவர் சட்டைப்பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து பார்த்தார். தெரிந்தும் டாக்டரிடம் வராமல் இருந்தாயே என்று அந்தப் பெண்ணைத் திட்ட வேண்டும் போல அக்காவுக்கு இருந்தது, திட்ட முடியவில்லை.

“கேட்டுடலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு” என்றாள் மனைவி. “கேட்டா நீங்க டப்பாவையே ஒளிச்சு வைப்பீங்க. அப்புறம் வலிக்கிற நேரத்துல உள்ள ஒண்ணுகூட இல்லாமப் போயிட்டா, நான் என்னங்க செய்வேன்?”

சக்கர நாற்காலி வந்தது. அவள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிடித்த கையை விடவில்லை.

“வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க” என்றாள். “இனிமே என்னை எண்ண வைக்காதீங்க.”