இணைச்சீருக்கு நின்றவள்

என் அண்ணன் இருந்தார். அவர் மகள் இருந்தாள், பட்டுச்சேலை கட்டித் தலை நிறையப் பூ வைத்து. அவள் புருஷன் செல்போனோடு நின்றான். சீர் செய்கிற அருமைக்காரர் இருந்தார். சம்பந்தி இருந்தார். என் மகன் மாப்பிள்ளைக் கோலத்தில் மேடையில் நின்றான். என் சம்சாரம் தூணை ஒட்டி நின்றாள். பங்காளிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் இருந்தேன்.

என் மகள் இல்லை. அவள் மண்டபத்து ஸ்டோர் ரூமில் இருந்தாள்.

எருமப்பட்டி மண்டபம். மறுநாள் காலை முகூர்த்தம். அன்று சாயங்காலம் இணைச்சீர். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இது இல்லாமல் தாலி ஏறாது. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் புதுச்சேலை கட்டி, கூறைச்சேலை வைத்த மூங்கில் பேழைமூடியை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். பெண்டாட்டி வந்த பிறகும் கூடப் பிறந்தவளுக்கு உரிமை உண்டு என்று ஊர் அறியச் சொல்வதுதான் அந்தச் சீர். என் மகனுக்குக் கூடப் பிறந்தவள் ஒருத்திதான். அவனுக்கு மூத்தவள்.

அவள் புருஷன் பட்டாளத்துக்காரன். எல்லையில் நடந்த சண்டையில் செத்துப்போனான்.

மோகனூர்ப் பக்கம் கரும்புக் காட்டுக்காரர் வீட்டுப் பையன். அதிகம் பேச மாட்டான். ரசம் என்றால் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவான். லீவில் வந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு கரும்பு வெட்டுக்குப் போய்விடுவான்.

"லீவுக்கு வந்துபோட்டு இதென்னங்க மாப்ள, படுத்துத் தூங்குங்க" என்பேன்.

"தூங்கிப் பழகுனா அங்க போயி ஒடம்பு கேக்குமுங்க மாமா" என்பான்.

நான் அஞ்சாவது வரை படித்தவன். லாரி ஓட்டினேன். காஷ்மீருக்கு லோடு ஏற்றிப்போய் ஆப்பிள் ஏற்றி வந்திருக்கிறேன். அந்த ரோட்டைப் பற்றி என்னிடம் கேட்ட ஒரே ஆள் அவன்தான். அவனுக்கும் அந்தப் பக்கம்தான் டூட்டி. அங்கிருந்து போன் பண்ணுவான். "மாமா, நீங்க வண்டிய ஓரங்கட்டித் தூங்குன பாலம் இருக்குதுங்களே, அத இன்னைக்குப் பாத்தேனுங்க" என்பான். அது வேறு பாலமாகக்கூட இருக்கும். நான் ஆமாம் என்பேன்.

பெட்டியாக வந்தான். திறக்கக் கூடாது என்றார்கள். என் மகள் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். கொடியை மடித்து அந்தக் கையில் கொடுத்தார்கள். மோகனூர் ஆற்றங்கரையில் துப்பாக்கி சுட்டு மரியாதை செய்து எரித்தோம்.

பெட்டி வருவதற்கு முன்பே என் அண்ணன் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். அதில் செத்தவன் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவு. அண்ணன் முகம் அதைவிடப் பெரிசு. கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருந்தார். செத்த வீட்டுக்குச் சிரித்த போட்டோ. பெட்டியைத் தூக்க முன்னால் வந்து நின்றதும் அவர்தான். மைக்கில், "எங்கூட்டுப் புள்ள வீரனோட சம்சாரம், இந்த மண்ணுக்கே பெருமை" என்று பேசினார்.

அதற்குப் பிறகு ஆகஸ்டு வந்தால் கார் வரும். சனவரி வந்தால் கார் வரும். அண்ணன்தான் முன் சீட்டில். அவளை மேடையில் உட்காரவைத்துச் சால்வை போடுவார்கள். அவள் என்னிடம் ஒருதரம் சொன்னாள்:

"பொட்டி நெறையச் சால்வை இருக்குதுங்கப்பா. ஒண்ணக்கூடப் போத்திக்க முடியாது. எல்லாம் குத்துது."

அன்று மண்டபத்தில் அதே அண்ணன்தான் என்னைக் கூப்பிட்டார்.

"நேரமாகுதுடா தம்பி. எம்புள்ள நிக்கட்டும். அவளும் அக்கா மொறதான."

"எம்புள்ள இருக்கறாளுங்களேண்ணா."

"இருக்கறா. இல்லைன்னு யாரு சொன்னா? நல்ல காரியம்டா இது. தெரிஞ்சுக்கிட்டே கேக்கறயே."

நாற்காலியில் இருந்த பங்காளி ஒருத்தர், "லாரிக்காரனுக்கு ரோடு தெரியும், மொற தெரியுமா?" என்றார். நாலு பேர் சிரித்தார்கள்.

"குடியரசு தினத்துக்கு மேடையில ஏத்துனீங்களே, அது நல்ல காரியம் இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அது கவர்மெண்டு. இது ஊடு" என்றார் அண்ணன்.

லாரி ஸ்டாண்டில் கத்தியிருக்கிறேன். கத்த எனக்குத் தெரியும். அன்றைக்குக் கத்தவில்லை. மகனைப் பார்த்தேன். தலையைக் குனிந்து நின்றான். அக்காள் இடுப்பில் தொங்கி வளர்ந்தவன். அவன்மேலும் கோபம் வந்தது.

ஸ்டோர் ரூமுக்குப் போனேன். அவள் தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தாள். பழைய சேலைதான் கட்டியிருந்தாள்.

"நீ நிக்கறயா சாமி?"

"விடுங்கப்பா. பெரியப்பா புள்ளையே நிக்கட்டும்."

"நிக்கறயான்னுதான் கேட்டேன்."

கையில் இருந்த தேங்காயைப் பையில் போடாமல் கீழே வைத்தாள்.

"ஆசைதானுங்க. நாளைக்கு வரப்போற அந்தப் புள்ளைக்கு ஒரு தலவலி வந்தாலும் எம்மேலதான் வெப்பாங்க."

"வெக்கட்டும். புதுச்சேலையக் கட்டிக்கிட்டு வா."

மேடைக்கு வந்து சம்பந்தியிடம் சொன்னேன். "எம்மவதானுங்க நிக்கப்போறா. உங்களுக்கு ஒப்புதலுங்களா?"

அவர் தன் வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அந்தம்மா தலையாட்டினாள். "அக்கா இருக்கறப்ப வேற ஆளு எதுக்குங்க?" என்றார் சம்பந்தி.

அண்ணன் எழுந்துவிட்டார். "அருமைக்காரரே, நீங்க சொல்லுங்க."

"எங்கிட்டக் கேக்காதீங்க. யாரு நின்னாலும் சீரச் செய்யறதுதான் எங்காரியம். வெளக்கு எரியுது, எண்ணெ ஆகுது" என்றார் அவர்.

என் மகள் அரக்குச் சேலையில் வந்தாள். தூணை ஒட்டி நின்ற என் சம்சாரம் நேராகப் போய்ப் பேழைமூடியை எடுத்தாள். மகள் இடுப்பில் வைத்தாள். அதன் பிறகுதான் என் மகன் தலையைத் தூக்கினான். நகர்ந்து அக்காளுக்கு இடம் விட்டான்.

"வாங்கடா போலாம். இங்க சோறு எறங்காது" என்றார் அண்ணன். வரிசை வரிசையாக நாற்காலிகள் இழுபட்டன.

அண்ணன் மகள் மட்டும் மேடையில் ஏறி, "அக்கா, மடிப்பு ஒதுங்கியிருக்குது, இருங்க" என்று குனிந்து என் மகள் சேலையைச் சரிசெய்தாள். பிறகு அவளும் அப்பன் பின்னால் போய்விட்டாள்.

சீர் நடந்தது. என் மகள் அழவில்லை. பேழைமூடியைக் கீழே வைக்கும்வரை நேராக நின்றாள்.

பெட்டியைத் தூக்க முண்டியடித்தவர்கள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே செருப்புத் தேடிக்கொண்டிருந்தார்கள். செத்தவனோடு போட்டோவுக்கு நிற்கலாம். அவன் பெண்டாட்டி நிற்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு வாய் சோறு தின்ன முடியாது. நான் யாரையும் கூப்பிடவில்லை.

ஐந்நூறு பேருக்குச் சமைத்திருந்தது. சமையல்காரர் வந்து, "எத்தனை எலைங்க போடறது?" என்று கேட்டார்.

மிஞ்சியிருந்தவர்களை எண்ணிச் சொன்னேன்.

அறுபத்து மூன்று.