வால் சட்டியின் கால்கள்

கிளியூரில் அத்தை வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுவது ஓர் இரும்புச் சட்டியின் முதுகு. மற்ற பாத்திரங்கள் எல்லாம் ஒழுங்காக வாயைக் காட்டிக்கொண்டிருக்க, இது மட்டும் அடிப்பக்கம் வெளியே தெரியும்படி ஆணியில் தொங்குகிறது. அந்த முதுகில் மூன்று இடங்களில், சின்ன மோதிரம் அளவுக்கு வட்டம் வட்டமாக, துரு பிடித்திருக்கிறது. பதினைந்து நாள் மெனக்கெட்டு அந்தச் சட்டியிலிருந்து துருவை விரட்டியவள் நான். ஒரு துணி, நாலு சொட்டு எண்ணெய், அரை மணி நேரச் சூடு, அவ்வளவுதான் வேலை, துரு நின்றுவிடும். ஒவ்வொரு முறை போகும்போதும் கை பரபரக்கிறது. ஆனால் தொடுவதில்லை. ஏன் தொடுவதில்லை என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல இன்னும் வரவில்லை. எழுதிப் பார்த்தாலாவது பிடிபடுகிறதா என்று பார்க்கிறேன்.

அத்தை எனக்குச் சொந்த அத்தை இல்லை. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா கணக்கெழுதும் ரைட்டர். அங்கேயே ஜீப் ஓட்டியவர் டிரைவர் மாமா. அவர் மனைவி எங்கள் எல்லோருக்கும் அத்தை. எஸ்டேட் பிள்ளைகள் எட்டுப் பேரை ஏற்காட்டில் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது மாமாவின் வேலைகளில் ஒன்று. அந்த ஜீப் வாரத்துக்கு ஒரு தடவையாவது வழியில் நின்றுவிடும். நின்றால் எங்களுக்குக் கொண்டாட்டம். சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி ஒரு கனத்த சட்டி வைத்திருப்பார். பங்களா சமையலறையைக் காலி செய்தபோது வேண்டாம் என்று எறிந்ததில் எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் நீளமான கைப்பிடி இருந்ததால் 'வால் சட்டி' என்று பெயர். மூன்று கல்லைக் கூட்டி, காய்ந்த சுள்ளியைப் பற்றவைத்து, "வண்டி ஸ்டார்ட் ஆவுலீன்னா என்ன சாமி, அடுப்பு ஸ்டார்ட் ஆவுமில்ல!" என்பார். முட்டை ஓரமெல்லாம் மொறுமொறுவென்று விரியும். எஸ்டேட் மிளகைக் கல்லில் நசுக்கித் தூவுவார். எப்போது வேகும் என்று எட்டுத் தலைகள் மேலிருந்து எட்டிப் பார்க்கும்.

சில நாள் அத்தையும் டவுனிலிருந்து கூட வருவார். முன் சீட்டை விட்டு இறங்காமலே, "ஏனுங்க, உங்கள எஸ்டேட்ல டிரைவருன்னு வெச்சிருக்காங்களா, சமையக்காரருன்னு வெச்சிருக்காங்களா?" என்று சீண்டுவார். "ரெண்டுக்குந்தான். ஆனா ரெண்டுலயும் நீதான் கிளீனரு" என்பார் மாமா. அதுவும் உண்மைதான். வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பது அத்தை. மாமா நல்ல மனிதர். ஆனால் 'என் மேல தப்பு' என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஜீப் மரத்தில் இடித்தாலும் தப்பான இடத்தில் முளைத்தது மரம்தான்.

மாமா போன பிறகு கோட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அத்தை கிளியூரில் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டார். வந்த அவசரத்தில் வாளி, கம்பி, கடப்பாரையோடு சட்டியும் பழைய இரும்புக்குப் போய்விட்டது. சில மாதம் கழித்து என்னிடம் சொன்னார்: "கண்ணு, நீ ஊரெல்லாம் சுத்தற புள்ளதான. என்ர வால் சட்டி எங்காச்சும் கண்ணுல பட்டா எடுத்து வெய்யி. அதுல மட்டும் எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்குது." எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது என்று நான் கேட்கவில்லை. எட்டு வருடம் அதில் தின்றவள், எனக்கா தெரியாது? அத்தையும் சொல்லவில்லை. அவருக்கும் அதே எண்ணம்தான்.

நான் படித்தது உலோகவியல். பார்ப்பது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேறு ஏதோ வேலை. படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லாத குறையைத் தீர்த்துக்கொள்ள, பழைய இரும்புப் பாத்திரங்களைத் தேடிப் புதுப்பிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்குக்குப் பின்னால் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைந்த தையல் மிஷின் காலுக்கு அடியில் அந்தச் சட்டியைப் பார்த்ததும் இழுத்து வெளியே எடுத்தேன். செங்கல் நிறத்தில் துரு. அடியில் விரல் கனத்துக்குக் கரி, அங்கங்கே கட்டிகட்டியாக. ஆனால் எண்ணெய் வடிக்க இரண்டு பக்கமும் இருக்கும் மூக்கில் இடது மூக்கு உடைந்திருந்தது. அதேதான். அந்த உடைந்த மூக்குப் பக்கம் யார் உட்காருவது என்று நாங்கள் அடித்துக்கொண்டதுண்டு.

அத்தையிடம் மூச்சு விடவில்லை. புத்தம் புதிதாகக் கொண்டுபோய் நீட்ட வேண்டும் என்று ஆசை. தண்ணீரும் வினிகரும் சரிபாதி கலந்து ஊறவைத்தேன். பிளாஸ்டிக் தொட்டியில் சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜரை மாட்டி, மின்சாரத்தில் துருவைக் கழற்றினேன். கரி பாளம் பாளமாக உதிர்ந்தது. கைப்பிடியில் எட்டு என்ற எண் எழுந்து வந்தது. அடியில் ஒரு நீளமான தழும்பு. உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றிய வாயின் தடம் அது, ரொம்பப் பழைய வார்ப்புகளில்தான் இருக்கும் என்று குழுவில் ஒரே ஆரவாரம். கூடவே, கட்டியாகத் தெரிந்த இடங்களில் கரி போனதும் மூன்று பித்தளைக் குமிழ்கள், சுண்டைக்காய் அளவில், மஞ்சளாக. படம் போட்டுக் கேட்டேன். 'யாரோ விவரம் தெரியாதவர் ஒட்டியது, எடுத்துவிட்டால்தான் அசல்' என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. கிரைண்டிங் மிஷினை வைத்து மூன்றையும் அறுத்து, அடியோடு மட்டமாகும் வரை தேய்த்தேன். லேசில் போகவில்லை, முழுசாக ஒரு மணி நேரம் பிடித்தது. மஞ்சள் பொடியாகப் பறந்து தரையில் படிந்ததைக் கூட்டித் தள்ளினேன். ஆளி விதை எண்ணெய் தடவி நாலு முறை சுட்டதில் மேலும் கீழும் ஒரே கறுப்பு. அழகென்றால் அப்படி ஒரு அழகு.

அத்தை வாங்கியதும் செய்த முதல் காரியம், அதைத் திருப்பிப் பார்த்ததுதான். உள்ளங்கையால் அடிப்பக்கத்தைத் தடவினார். இன்னொரு தடவை தடவினார். "இது இல்ல கண்ணு."

"மூக்கப் பாருங்க அத்தை, ஒடஞ்சிருக்குது."

"மூக்கு செரிதான். காலு எங்க?"

என்ன கால் என்று கேட்டேன், தெரியாதவள் மாதிரி. அத்தை புடவைத் தலைப்பை ஒதுக்கி வலது கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழுவழுவென்று வேறு நிறத்தில் இருந்தது. "நீயெல்லாம் பொறக்கறதுக்கு முன்னால. சர்ச்சுக்குப் போயிட்டு வரயில வண்டி நின்னுபோச்சு. அடுப்புக் கல்லு ஒண்ணு சாஞ்சு, சட்டி வழுக்கி, எண்ணெ அத்தனையும் என்ர கையில. நானு துடிக்கறேன், அந்த மனுசன் கல்லப் புடிச்சு வையறாரு! தப்பு கல்லு மேலயாம். நாலு நாளு நானு பேசுல. அஞ்சாம் நாளு ஒர்க்‌ஷாப்புல இருந்து சட்டியக் கொண்டாந்து எம்முன்னால கவுத்து வெச்சாரு. பித்தளைல மூணு காலு. மூணு கல்லுக்கும் உள்பக்கமாப் போயிப் புடிச்சுக்கும். 'இனி வழுக்காது'ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு வார்த்த இல்ல. நானும் கேக்குல." சட்டியை என் பக்கம் தள்ளினார். "இது வேற எந்த எஸ்டேட்டுதோ. நல்லாத்தான் இருக்குது. நீயே வெச்சுக்க."

நாங்கள் எட்டுப் பேரும் அந்தச் சட்டியை மேலிருந்தே பார்த்தவர்கள். பார்த்தது சட்டியைக்கூட அல்ல, முட்டையை. கவிழ்த்துத் தேய்த்தவருக்குத்தான் அதன் அடிப்பக்கம் தெரியும். இது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை போனை எடுத்தேன். சொன்னால் மாமா வாயால் சொல்லாததைச் செய்து காட்டிய ஒரே பொருளை நான் பொடியாக்கிக் குப்பையில் தள்ளியது தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், கால்களோடு ஒரு சட்டி எங்கோ இருக்கிறது என்றாவது நம்பிக்கொண்டிருப்பார். எது கெடுதல், எது அதைவிடக் கெடுதல்? குழப்பமாகவே ஒரு வாரம் போனது. குழுவில் என் சட்டியின் படத்துக்குப் பாராட்டுகள் வந்துகொண்டே இருந்தன. அசல், அசல் என்றார்கள். அச்சிலிருந்து வெளியே வந்த அன்றைக்கு இருந்ததுதான் அசலா, ஐந்தாம் நாள் அத்தை முன்னால் கவிழ்த்து வைத்ததா? ஒவ்வொரு நேரம் ஒவ்வொன்று சரியாகப் பட்டது.

ஒரு மத்தியானம் ஒண்டிக்கடையில் அத்தையைப் பார்த்தேன். மூட்டு வலியோடு பஸ் ஏறி வந்து, ஒரு இரும்புக் கடைக்காரரிடம் மூன்று விரலைக் கவிழ்த்துக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தார். இது மூன்றாவது கடையாம். பஸ் ஸ்டாப்பில் உட்காரவைத்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "எனக்கே இப்ப சந்தேகமா இருக்குது சாமி. அண்ணன் ஊட்ல ஆரும் அந்தக் காலப் பாத்ததில்லீங்கறாங்க. அதுல தின்னு வளந்தவ, உனக்கே தெரியுல. அவரு ஒண்ணுமே பண்ணுலியோ என்னமோ. நானா நெனச்சுக்கிட்டனோ."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "இருந்துச்சுங்க அத்தை. நாந்தான் அறுத்துட்டேன்."

திட்டுவார், அழுவார், எழுந்து போய்விடுவார் என்றெல்லாம் நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அத்தை என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க."

"மூணா?"

"மூணுங்க. பித்தளை. அறுக்க ஒரு மணி நேரம் ஆச்சுங்க."

"ஒரு மணி நேரமா! அத்தன கெட்டியாவா வெச்சிருந்தாரு?" முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. பஸ் வந்து நிற்க, படியில் ஏறிக்கொண்டே திரும்பினார். "ஏங்கண்ணு, காலேஜுல உங்களுக்குக் காலு வெட்டத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" சிரித்தாரா, குரல் உடைந்ததா என்று பஸ் சத்தத்தில் எனக்குத் தெரியவில்லை. மன்னித்ததாக அதை எடுத்துக்கொள்ளலாமா என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் சட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கால்கள் எங்கெங்கே இருந்தன என்று கேட்டு, சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னார். பூஜை விளக்கு தேய்க்கிற பக்கத்து வீட்டில் போய் ஒரு உருண்டை புளி வாங்கி வந்து, அந்த மூன்று வட்டத்தையும் கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார். நான் சுட்ட நாலு பூச்சும் கழன்று, இரும்புக்குள் இறங்கியிருந்த காலின் வேர், கறுப்புக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு பொட்டாக எட்டிப் பார்த்தது. பிறகு இரண்டாவது. பிறகு மூன்றாவது. எழுந்து போய் ஆணியில் முதுகைக் காட்டி மாட்டினார்.

இப்போது சனிக்கிழமை தோறும் தேய்க்கிறார். புளி பித்தளையைத் துலக்கும். பக்கத்து இரும்பைத் தின்னும். ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் மோதிரம் போல இருக்கும் துரு அதுதான். வாரா வாரம் கொஞ்சம் அகலமாகிறது. போன சனிக்கிழமை போயிருந்தேன். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு சட்டியை என் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

"பளிச்சுனு இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க அத்தை" என்றேன். துருவைப் பற்றி வாயே திறக்கவில்லை.