பெண்கள் காட்சியில் மட்டும் ஓடிய ரீல்

என் மனைவி சாந்தா போய்ச் சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. வீட்டில் டிவியோடு எவ்வளவு நேரம்தான் சண்டை போடுவது? போன செவ்வாய்க்கிழமை சித்தூருக்குக் கிளம்பிவிட்டேன். கல்யாணமான புதிதில் நாங்கள் படம் பார்த்த தியேட்டர் அங்கேதான். பழைய தியேட்டர்களைத் தேடி அலையும் கிறுக்கு உங்களுக்கும் இருந்தால் மேலே படியுங்கள்.

திருப்பதியில் காலை 7.10க்கு பஸ். எழுபது கிலோமீட்டர், டிக்கெட் 120 ரூபாய், 9.05க்குச் சித்தூர். ஜன்னலோரம் காலியாக இருந்தும் உள்பக்கமே உட்கார்ந்தேன். ஜன்னல் எப்போதும் சாந்தாவுக்குத்தான்.

கல்யாணமான புதிதில் அங்கே நாங்கள் பார்த்தது ஒரு பாலியல் கல்விப் படம். 'டாக்டர் உரையுடன்' என்று போஸ்டரில் கொட்டை எழுத்து. காலைக் காட்சி பெண்களுக்கு, மதியக் காட்சி ஆண்களுக்கு; தனித்தனியாகத்தான் பார்த்தோம். சாயங்காலம் சாந்தா கேட்டாள்: "பிரசவத்தப்போ அந்தப் புருஷன் கையப் புடிச்சிக்கினு பக்கத்துலயே நிக்கிறானே, நீங்களும் அப்பிடி நிப்பீங்களா?"

நான் பார்த்ததில் பிரசவமே இல்லை. படத்தின் சான்றிதழில் முக்கோணம் இருந்தது; சென்சார் வெட்டிய படம் என்று அர்த்தம். வெட்டெல்லாம் அங்கேயே முடிந்து, எல்லோருக்கும் ஒரே படம்தான் வரும் என்பது என் மேதாவித்தனம். "தூங்கிக் கனவு கண்டிருப்பே" என்று சிரித்தேன். நாற்பது வருடம் அதைச் சொல்லியே கிண்டல் செய்தேன். மகள் பிறந்த அன்று பலமனேரில் டூட்டி பார்த்துக்கொண்டிருந்தேன். லீவு கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை.

பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ 60 ரூபாய். தியேட்டர் இப்போது கல்யாண மண்டபம். "பழைய ஆளு முனெம்மாதான் சார். லேடீஸ் கேட்ல டிக்கெட்டு கிழிச்சது. இப்ப பைக் ஸ்டாண்டுல டோக்கன் கிழிக்குது" என்றார் ஆட்டோக்காரர்.

முனெம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். படத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். நான் நேராகவே கேட்டேன்: "அதுல பிரசவக் காட்சி இருந்ததாம்மா?"

"அவுனு சார், இருந்திச்சே! மொத நாளு ஆம்பிளைங்க விசிலடிச்சிக்கினு சீட்டெல்லாம் கிழிச்சிட்டாங்க. சென்சாரு உட்டத ஓனரு கட் பண்ணிட்டாரு. லேடீசுக்கு மட்டும் அந்தத் துண்ட ஒட்டி ஓட்டுவாங்க."

"புருஷன் பக்கத்துல நிப்பானா?"

"கடேசி வரிக்கும் கைய உடமாட்டான் சார். பொம்பிளைங்க எல்லாம் அழுதுக்கினே வெளிய வருவாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டு, டீ சொல்லவா என்று கேட்டார்.

போகிறவர்களுக்கு: முகூர்த்த நாளில் மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். முனெம்மா மதியம் ஒன்று வரை இருப்பார். துணை இருப்பவர்கள் சேர்ந்தே போங்கள். கூட வருபவர் எதையாவது பார்த்ததாகச் சொன்னால் நம்பிவிடுங்கள்.

திரும்பும்போது 12.30 பஸ்ஸிலும் உள்பக்கமே உட்கார்ந்தேன். "நீ பார்த்தது நிஜம்தான் சாந்தா, நான்தான் நிற்கவில்லை" என்று காலி ஜன்னல் சீட்டைப் பார்த்து வாய்விட்டே சொன்னேன்.

"அங்க ஆளு வர்றாங்களா சார்?" என்று கேட்டார் கண்டக்டர்.

இல்லை என்று சொல்லி ஜன்னலோரம் நகர்ந்தேன்.