தம்புசாமியின் எருக்குழிக்கு வந்த நாகம்மா

கிள்ளான் பிளாட்டில் தம்புசாமிக்குக் குப்பைத் தலைவர் என்று பெயர். துறைமுகத்தில் லோரி ஓட்டி ஓய்ந்த மனுஷன். வீட்டில் பியூஸ் போன பல்பைக்கூட மாற்றமாட்டார் என்று பெண்சாதி இராஜம்மாவே ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அவர்தான் பிளாட்டுக்குப் பின்னால் கிடந்த காலி நிலத்தில் எல்லாருக்குமாக எருக்குழி போட்டார்.

முதல் குழி பிளாஸ்டிக் பைகள் விழுந்து நாறிப்போனது. அடுத்தது, மீன் தலை போட்டது யார் என்ற சண்டையில் மூடப்பட்டது. சண்டையைத் தொடங்கினவர் வீட்டில்தான் அன்றைக்கு மீன் குழம்பு என்று பேச்சு. இப்போதுதான் ஒன்று உருப்பட்டு, குவியல் சூடேறி நின்றது. நகராண்மைக் கழக அதிகாரி வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார். எரு நன்றாக இருந்தால் குழி நிலைக்கும், இல்லாவிட்டால் கார் நிறுத்தத் தார் போட்டுவிடுவார்கள்.

அந்த வாரம் பெய்த மழையில் ஒரு பாம்பு கதகதப்புக்கு உள்ளே ஒதுங்கியது. கீழ்வீட்டுப் பவுனம்மாள் பார்த்துவிட்டாள். விடிந்தபோது குவியலுக்கு மஞ்சள் துணி, குங்குமம், முட்டை, பால்.

"அக்கா, இது குப்பை லா! நீங்க கொட்டுன வாழைப்பழத் தோலு!"

"வாயக் கழுவுங்க அண்ணே! தாயி மூச்சு விடுறா, ஆவி தெரியல?"

"எரு வேகுற ஆவி அது. கிளறலேன்னா கெட்டுப்போயிரும்."

"கிளறுனா நீங்க கெட்டுப்போயிருவீங்க."

தம்புசாமி குப்பை கேட்டுப் படியேறிக் கெஞ்சியபோது கதவைத் திறக்காத மேல்மாடிக்காரர்கள் எல்லாம் இப்போது மாலையோடு இறங்கி வந்தார்கள். பாலும் முட்டையும் அழுகின.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். குங்குமத்தைப் பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, இது கோயிலா என்று மலாயில் கேட்டார்.

"இல்ல என்சேக், எரு!"

"அப்படியென்றால் தோண்டிக் காட்டுங்கள்."

தம்புசாமி மண்வெட்டியை ஓங்கினார். பெண்கள் குவியலைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஓங்கின கை அப்படியே இறங்கியது. கோயிலைத் தொட வேண்டாம், தார் வேறிடத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி அதிகாரி கிளம்பிவிட்டார்.

"பாத்தீங்களா, தாயி நெலத்தக் காப்பாத்திட்டா! இனிமே நீங்கதான் கோயில் தலைவர்" என்றாள் பவுனம்மாள்.

"தலைவரானா கிளற விடுவீங்களா?"

"சீச்சீ! அது கிடக்கட்டும், இந்த வாடுன மாலையெல்லாம் எங்கண்ணே போடுறது? நாத்தம் தாங்கல."

தம்புசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினார்.