மூன்றாவது கண்ட்ரோலர்

துறைமுகச் சாலையில் ஒரு சரக்கு லோரியை மறித்து, ஓட்டுநரின் தோளில் பாராங் கத்தியால் வெட்டிவிட்டு, லோரியோடு போய்விட்டார்கள். அதற்கு மறுவாரம்தான் என்னைக் கிள்ளானில் இருந்த அந்தக் கிடங்குக்கு அனுப்பினார்கள். விலை உயர்ந்த சரக்கு எந்த லோரியில் ஏறுகிறது என்பது ஒவ்வொரு முறையும் கொள்ளையருக்கு முன்பே தெரிந்திருந்தது. கிடங்கின் வைஃபை வழியாகத் தகவல் கசிகிறது என்று நிர்வாகம் சந்தேகப்பட்டது.

நான் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்காரி; நெட்வொர்க் பொறியாளர். அங்கே வைஃபையை நடத்த கண்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுக் கருவிகள் இரண்டைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும். ஆனால் அவை தமக்குள் பேசிக்கொள்வதற்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. யாரும் நடுவில் புகுந்து கேட்கலாம். இரண்டுக்கும் அடையாளச் சான்றிதழ் ஏற்றி, அந்தப் பேச்சை வெளியாருக்குப் புரியாதபடி பூட்டுவதுதான் என் வேலை.

திரையைத் திறந்தால் மூன்று கண்ட்ரோலர்கள் தெரிந்தன. கிடங்கு மேற்பார்வையாளர் அப்போதுதான் எனக்குத் தே தாரிக் தேநீர் வாங்கி வந்திருந்தார். காலையிலிருந்தே தங்கையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருந்த மனிதர்.

"அண்ணே, ரெண்டுதானே இருக்கு? மூணு காட்டுதே."

"பழைய மெஷின் லா தங்கச்சி. அத தொடாத."

"நான் தொட வேணாம்ணே. சான்றிதழ் இல்லாதத மத்த ரெண்டும் சேத்துக்காது."

அவர் வெளியே போனார். நான் வேலையை முடித்தேன். இரண்டு கண்ட்ரோலர்களும் கொஞ்ச நேரம் பிரிந்திருந்து, மறுபடி கைகோத்தன. மூன்றாவது வெளியே தள்ளப்பட்டது.

கதவு தாழிடும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவர்தான்.

"பழையபடி வை."

"முடியாதுண்ணே."

தலைமுடியைப் பிடித்து என் முகத்தைக் கருவிகள் அடுக்கிய இரும்பு ரேக்கில் மோதினார். பல் உடைந்தது. விழாமலிருக்க ரேக்கின் விளிம்பைப் பற்றினேன். அவர் அதன் கதவை என் விரல்கள் மேல் ஓங்கி அறைந்தார். எலும்பு முறிவது எனக்கே கேட்டது.

"அடுத்த கையையும் ஒடைக்கவா?"

நான் அலறினேன். வெளியே சரக்கேற்றக் காத்திருந்த ஓட்டுநர்கள் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். வாயில் ரத்தத்தோடு, "மூணாவது மெஷின் இவரு வச்சது. லோரி விவரமெல்லாம் அதுலதான் கொள்ளக்காரங்களுக்குப் போயிருக்கு" என்றேன்.

வந்தவர்களில் வெட்டுப்பட்ட ஓட்டுநரின் தம்பியும் ஒருவர். அவர் மேற்பார்வையாளரைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டு, சரக்குச் சங்கிலியை இறுக்கும் இரும்புக் கம்பியால் முழங்காலில் அடித்தார். அந்த முதல் அடி எனக்கு இனித்தது. அப்புறம் எல்லோரும் சேர்ந்து மிதித்தார்கள். ஒரு கண் பிதுங்கி வீங்கியது. முனகலும் நின்றுவிட்டது.

"போதும்ணே, செத்துடுவாரு!"

"எங்கண்ணன் கையத் தூக்க முடியாம கெடக்கறான்க்கா. தள்ளி நில்லுங்க!"

நான் தள்ளி நிற்கவில்லை. கீழே கிடந்தவர் மேல் விழுந்தேன். ஓங்கிய கம்பி என் முதுகில் இறங்கியது. அப்போதுதான் அந்தத் தம்பி கம்பியைக் கீழே போட்டு, தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

போலீஸ் வந்து, மேற்பார்வையாளரின் அறைக் கூரைக்கு மேலிருந்து அந்தக் கண்ட்ரோலரை இறக்கியது. அவர் பிழைத்துக்கொண்டார், கொள்ளைக் கூட்டமும் பிடிபட்டது. அந்தத் தம்பிக்கும் விலங்கு மாட்டினார்கள்.

ஷா ஆலம் நீதிமன்றத்தில் இரண்டு வழக்குக்கும் நான் சாட்சி. தம்பியின் வழக்கு நாளில் வெட்டுப்பட்ட அண்ணன் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எந்தம்பி அடிச்சதையும் சொல்லப் போறீங்களாக்கா?"

"நடந்தது எல்லாத்தையும் சொல்லணும்ணே. நீங்க வெட்டுப்பட்டதையும் சொல்லுவேன்."

அவர் எழுந்து, தொங்கிய கையை மற்றக் கையால் தாங்கியபடி, கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டார். என் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போய், அடித்தது, அடிபட்டது எதையும் விடாமல் சொன்னேன்.