பால் கொடுத்தேன் என்று சொன்னால்

என் அண்ணன் மகனுக்கு நான் பால் கொடுத்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்கு அன்றைக்கும் வெட்கம், இன்றைக்கும் வெட்கம். ஆனால் போன வருடம் இந்த ஒரே விஷயத்தை எத்தனை பேரிடம், எத்தனை விதமாகச் சொல்ல வேண்டி வந்தது என்று நினைத்தால் வெட்கத்தைவிட எரிச்சல்தான் அதிகம் வருகிறது.

அவன் பிறந்தபோது மதினி ஜன்னி கண்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். பிள்ளையை மட்டும் ஆஸ்டின் டவுனில் இருந்த எங்கள் அம்மா வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்கள். என் மூத்தவன் அப்போது கைக்குழந்தை. பால்மாவு கரைத்துப் பாலாடையில் புகட்டினால் அண்ணன் மகன் வாயோரம் வழியவிட்டு அழுவான். அம்மா கதவைச் சாத்திவிட்டு அவனை என் மடியில் போட்டாள். மதினி வீடு திரும்பும்வரை அப்படித்தான் நடந்தது. மற்றவர்கள் கண்ணில் பட்டதெல்லாம் பாலாடை. கதவுக்குப் பின்னால் நடந்தது எனக்கும் அம்மாவுக்கும்தான் தெரியும். அம்மா இப்போது இல்லை.

நான் எதையும் மறைக்கவில்லை. எங்கள் பக்கம் அத்தையை மாமி என்போம். "மாமிதான் பால் குடுத்து வளர்த்தா" என்று குடும்பத்தில் எல்லோருமே பெருமையாகச் சொல்வார்கள். அதனால் எல்லோருக்கும் தெரியும் என்றே இருந்தேன். அவர்கள் பாலாடையைச் சொல்லியிருக்கிறார்கள், நான் என்னைச் சொல்வதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் பேச்சில் இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான்.

எங்கள் மார்க்கத்தில் இது சின்ன விஷயம் இல்லை. இரண்டு வயதுக்குள் ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளை அவளுக்குப் பிள்ளையாகவே ஆகிவிடும். அவள் பெற்றவர்கள் அதற்குக் கூடப்பிறந்தவர்கள். அவர்களுக்குள் நிக்காஹ் கூடாது.

அப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் ஈஜிபுராவிலிருந்து மதினியையும் மகனையும் கூட்டிக்கொண்டு, கை நிறைய மட்டனும் இனிப்புமாக வந்தார். "மச்சான், பொண்ணு கேட்டு வந்திருக்கோம்" என்றார் என் வீட்டுக்காரரிடம். என் மகளுக்கும் அவனுக்கும் ஒரே பக்கம் வேலை. ஒரே பஸ்ஸில் போய்வந்து பிடித்துப்போயிருக்கிறது. எங்களுக்குத்தான் தெரியவில்லை. மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

மதினியை அடுப்படிக்கு இழுத்துப்போய், "நான் அவனுக்குப் பால் குடுத்திருக்கேனே மதினி, மறந்துட்டீங்களா?" என்றேன்.

"அதை யாரு மறப்பா? அதனாலதானே உன் வீட்லயே சம்பந்தம் பண்றோம்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள்.

"அந்தப் பால் இல்ல மதினி. என் பால்."

கிள்ளிய கை அப்படியே நின்றது.

மதினி கூடத்துக்குப் போய் அண்ணன் காதில் சொன்னாள். அண்ணன் தன் மகனிடம் சொன்னார். அவன் என்னைப் பார்க்கவில்லை. போனைத்தான் பார்த்தான்.

"இருங்க, ஏஐ கிட்ட கேட்டுடலாம்" என்றான்.

இது அவர்கள் வீட்டுப் பழக்கம். நோன்பில் ஊசி போடலாமா, ஆன்லைனில் குர்பானி கொடுத்தால் ஆகுமா, எல்லாவற்றுக்கும் அதுதான். அண்ணன்கூட இப்போது பள்ளிவாசலில் தொழுததும் வந்துவிடுவார். முன்பெல்லாம் தொழவைக்கும் அஜரத்திடம் நின்று நாலு வார்த்தை பேசுவார். "அஜரத்து உருதுல சுத்தி வளைப்பாரு, இது பட்டுனு சொல்லுது" என்பார்.

அன்றைக்கும் பட்டென்றுதான் சொன்னது. "அஞ்சு தடவை வயிறு நிறையக் குடிச்சிருந்தாதான் பால் உறவு ஆகுமாம்" என்று படித்துவிட்டு, "மாமி, அஞ்சு தடவை இருக்குமா?" என்று கேட்டான். கூடத்தில் என் வீட்டுக்காரர், அண்ணன், எல்லோரும் இருந்தார்கள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். எதை எண்ணிச் சொல்வது? குழந்தை அழுதது, கொடுத்தேன்.

என் வீட்டுக்காரர் சீட் கவர் தைக்கிறவர், அதிகம் பேசமாட்டார். அவர்தான், "அது ஷாஃபிங்களுக்கு இல்ல? நாம ஹனஃபி" என்றார். மார்க்கச் சட்டத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு கணக்கு.

அவன் மறுபடி தட்டினான். உடனே அது, மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரிதான் என்று ஆரம்பித்து, ஹனஃபி மத்ஹபில் ஒரே ஒரு தடவை குடித்தாலும் போதும், நிக்காஹ் கூடாது என்றது. மகள் ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டாள்.

அதோடு விட்டிருக்கலாம். அவன் விடவில்லை. ஒரு பெண் மட்டும் சொல்கிறாள், வேறு சாட்சியே இல்லை, அப்போது என்ன என்று கேட்டான். ஒருத்தி சொல் மட்டும் இருந்தால் சட்டப்படி நிரூபணம் ஆகாது என்று வந்தது.

அண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தியாம்மா? உன் பேச்சு சாட்சியாவே ஆகாதாம்!"

ஏதோ எனக்கு நல்ல செய்தி சொல்வதுபோலச் சொன்னார். என் மடியில் நடந்ததற்கு நானே சாட்சி இல்லை. நான் அடுப்படிக்குப் போய் அவர்கள் கொண்டுவந்த மட்டனைக் கழுவ ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க இதே பேஜார். மகளும் தன் போனில் கேட்டாள். அவள் இங்கிலீஷில், அத்தை குழந்தைக்குப் பால் கொடுத்தார் என்று போட்டிருக்கிறாள். அது புட்டிப்பால் என்று எடுத்துக்கொண்டு, தாராளமாக நிக்காஹ் செய்யலாம், வாழ்த்துகள் என்று சொல்லிவிட்டது. வாழ்த்து வேறு.

"பாருங்கம்மா, நீங்களே படிங்க" என்று நீட்டினாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்பதால் அவளே அதைத் தமிழுக்கு மாற்றிக் கொடுத்தாள். நான் மெதுவாக, ஒரு வரி விடாமல் படித்தேன். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி இருந்தது. உங்கள் குடும்பச் சூழலைத் தெரிந்த மார்க்க அறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று.

"இதை ஏன் யாருமே படிக்கலை?" என்றேன்.

"அது எல்லாத்துக்கும் கீழ சும்மா வரும்மா."

சும்மா வருவதைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். மறுநாள் வீட்டுக்காரரோடு அஜரத் வீட்டுக்குப் போனேன். அண்ணனையும் கூப்பிட்டோம். வேலை இருக்கிறது என்றுவிட்டார்.

அஜரத் சின்ன வயசுக்காரர், என் மூத்தவன் வயசுதான் இருக்கும். தமிழ் அவ்வளவாக வராது. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, எனக்குத் தெரிந்த உருதுவில் தூத் பிலாயி என்றேன். அதிலும் அதே சிக்கல்தான். அதற்கும் பால் கொடுத்தேன் என்று மட்டும்தான் அர்த்தம். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "பாட்டல்கா, யா ஆப்கா?" என்றார். புட்டிப்பாலா, உங்களுடையதா. ஒரு வாரமாக எந்தப் போனும் கேட்காத கேள்வி. "மேரா", என்னுடையது என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. குழந்தைக்கு அப்போது என்ன வயசு, பால் உள்ளே இறங்கியது நிச்சயமா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். சாட்சி கேட்பது கோர்ட்டுக்கு, தெரிந்துகொண்டே இந்த நிக்காஹை ஓதிவைக்க நான் வரமாட்டேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, "இத்தனை நாள் என்ன செஞ்சீங்க? பிள்ளைங்க ஆசைப்பட்ட பிறகா வருவீங்க?" என்று கடிந்துகொண்டார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள். அவர் எழுந்து போய்விட்டார்.

விஷயத்தை அண்ணனுக்குப் போனில் சொன்னோம். அண்ணன் போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அவர் மகன் தனியாக வந்தான். வீட்டுக்காரர் கடையில் இருந்தார். மகள் உள் அறையில் இருந்தாள். கதவு முழுக்கச் சாத்தவில்லை.

"மாமி, கோவிச்சுக்காதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்று மறுபடி போனை எடுத்தான். "ரொம்ப வருஷம் ஆயிட்டா மனுஷங்க ஞாபகம் தப்பாவும் இருக்கலாம்னு போட்டிருக்கு. சந்தேகம்னு வந்துட்டா அதை வச்சு ஹராம்னு சொல்ல முடியாதாம். நீங்க சந்தேகம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். அஜரத்து கிட்ட நான் பேசிக்கறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அதுதான் என்னை உடைத்தது. எனக்கும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல ஆசைதான். ஜன்னல் பக்கம் நின்று சிரித்த முகத்தை நினைத்தால் எந்தத் தாய்க்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் அவன் கேட்டதையெல்லாம் அந்தக் கண்ணாடிச் சில்லைப் பார்த்துக்கொண்டே கேட்டான். ஒரு தடவைகூட என்னைப் பார்த்து, மாமி, நிஜமாகவே கொடுத்தீர்களா என்று கேட்கவில்லை.

என் வாழ்நாளில் நான் யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்குக் கத்திவிட்டேன்.

"அந்த போனுக்கா நான் பால் குடுத்தேன்? உனக்குத்தாண்டா குடுத்தேன்! என்னைக் கேளுடா!"

உள் அறையில் கட்டில் கிரீச்சிட்டது. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டான். என்னை நிமிர்ந்து பார்த்து, "குடுத்தீங்களா மாமி?" என்றான்.

"குடுத்தேன்."

டீ போட்டு வைத்தேன். குடிக்காமலே போனான்.

சம்பந்தப் பேச்சு அதோடு நின்றது. மதினி இப்போது எங்கே பார்த்தாலும் சலாம் சொல்வதோடு சரி. பெண் கொடுக்க இஷ்டமில்லாமல் நான் கதை கட்டினேன் என்று அண்ணன் சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார். அதற்கும் எந்த ஏஐயிடம் கேட்டாரோ தெரியவில்லை. மகள் என்னோடு தேவைக்குத்தான் பேசுகிறாள். வேறு பஸ்ஸில் போகிறாள்.

போன பெருநாளுக்கு அவன் மட்டும் வந்தான். அஜரத் சொன்ன கணக்குப்படி இனி அவன் என் மகளுக்குக் கூடப்பிறந்தவன், அவள் அவன் முன்னால் முக்காடு போட வேண்டியதுகூட இல்லை. அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் சேமியாவை அவன் முன்னால் வைத்தேன். அவனுக்குப் பால் அதிகம் விட்டால்தான் பிடிக்கும். இன்னும் கொஞ்சம் பால் ஊற்றட்டுமா என்று கேட்க வந்து, அந்த வார்த்தை வாயில் வராமல், பாத்திரத்தை அவன் பக்கத்தில் நகர்த்திவைத்தேன்.