பெரியப்பா முழுதாகப் பார்த்த பந்தாட்டம்

ஜப்பான்காரர்கள் ஆட்சி நடந்த காலம். மலாக்காவில், காஜா பேராங் பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் என் பெரியப்பாவும் குடியிருந்தோம். எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. சைக்கிள் கடையில் வேலை. டியூப் கிடைக்காத காலம் என்பதால், சக்கரத்தில் ரப்பர் குழாயைச் சுற்றிக் கம்பியால் கட்டித் தருவதுதான் எங்கள் கடையின் பெரிய தொழில்நுட்பம்!

அப்பா, அம்மா போன பிறகு என்னை ஆளாக்கியவர் பெரியப்பாதான். கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தலையில் தட்டைச் சுமந்து கச்சாங் பூத்தே விற்றவர். வறுத்த கடலை, பட்டாணி, முறுக்கு என்று காகிதத்தைச் சுருட்டிப் போட்டுக் கொடுப்பார். பந்தாட்டம் நடக்கும் நாளெல்லாம் பண்டார் ஹிலிர் திடலில் அவரைப் பார்க்கலாம்.

ஆனால் ஒன்று. முப்பது வருடமாகத் திடலே கதி என்று கிடந்த மனிதர், ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. வியாபாரி ஜனங்களைப் பார்த்து நிற்க வேண்டும். பந்து அவருக்கு முதுகுப் பக்கம் ஓடும். கோல் விழுந்தால் ஜனங்களின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். யார் உதைத்தது, எப்படி உதைத்தது என்று கடலை வாங்க வந்தவர்களைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார்.

ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட நாளில் ஓடி ஒளியப் போய், சாலையோரக் கால்வாயில் விழுந்தார். இடுப்பு போய்விட்டது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்து எழுந்தபோது, இடுப்பும் முதுகும் மரக்கட்டையாகிவிட்டன. நிற்பார், மெல்ல நடப்பார், இல்லாவிட்டால் படுப்பார். உட்காரவோ குனியவோ முடியாது. இன்னொரு முறை விழுந்தால் அவ்வளவுதான் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் குனிய முடியாதவன் வெளியே போக முடியாது. திடலுக்குப் போகும் வழியில், ஆற்றுப் பாலத்தில் ஜப்பான் சிப்பாய் நிற்பான். அவனுக்கு இடுப்பை வளைத்து வணக்கம் போடாமல் ஒருவரும் தாண்ட முடியாது. போடாதவனுக்கு அறை விழும். பெரியப்பாவுக்கு ஒரு அறை விழுந்தால் ஆளே விழுந்துவிடுவார். அதனால் அவர் வீட்டோடு முடங்கினார். கடலையும் கப்பலில் வருவது நின்றுவிட்டது. பேச்சு குறைந்தது. மரவள்ளிக்கிழங்கை ஒரு வாய் தின்றுவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். என் கண் முன்னாலேயே அவர் கரைந்துகொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை.

ஒருநாள் ஊர்க்காரர்கள் குழுவுக்கும் ஜப்பான்காரர்கள் குழுவுக்கும் பந்தாட்டம் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னேன்.

"தட்டு இல்லாம ஒரு தடவ போய்ப் பாக்கணும்னு நெனச்சேன்டா. இனி எங்க?" என்றார்.

அவ்வளவுதான். கூட்டிக்கொண்டு போயே தீருவது என்று முடிவு கட்டிவிட்டேன். நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். அது நல்ல குணமா கெட்ட குணமா என்று என் மனைவி இன்னும் முடிவு செய்யவில்லை.

பாலம்தானே தடை? திடலுக்குப் பக்கத்திலேயே அப்போது கடல் இருந்தது; மண் கொட்டித் தூர்த்ததெல்லாம் பிற்பாடு. கடல் வழியாகப் போனால் பாலம் எதற்கு? எங்கள் எதிர்வீட்டில், தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே ஊறிப்போன ஒரு செட்டிக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டுக்காரர் ஆபீஸ் வேலை போய், கிளேபாங் கடற்கரையில் சம்பான் என்ற சிறு படகு போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். செட்டிகள் சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான். பேசுவது மட்டும் மலாய். பெரியப்பாவை 'மாமா' என்பார். விஷயத்தைச் சொன்னதும், "போலே, போலே! முடியும், மாமாவைப் படுக்க வைத்தே கொண்டுபோய்விடலாம்" என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

ஆட்டத்தன்று மதியம், விறகு வண்டியில் பெரியப்பாவைக் கிடத்திக் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய்ச் சம்பானில் ஏற்றினோம். ஆற்று முகத்தில் காவல் படகு நின்றதால், அவர் மேல் மீன்வலையை மூடினேன். "டேய், நாறுதுடா!" என்று வலைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் உயிர் இருந்தது. காவல் படகு எங்களைக் கண்டுகொள்ளவில்லை. திடல் ஓரம் கரையேற்றி, ஜனக் கூட்டத்தின் முன்வரிசையில் அவரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே மிதப்பு.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் உத்தரவு வந்தது. ஆட்டம் தொடங்கும் முன் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் திசை நோக்கிக் குனிந்து வணங்க வேண்டும்! எல்லாக் கூட்டத்திலும் நடப்பதுதான். பாலத்தையே நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது உறைக்கவே இல்லை.

திடல் முழுக்கத் தலைகள் கவிழ்ந்தன. பெரியப்பா மட்டும் நெட்டுக்குத்தாக நின்றார். கூடாரத்தின் கீழ் நின்ற ஜப்பான் அதிகாரியின் பார்வை எங்கள் பக்கம் திரும்பியது.

"என்னடா முழிக்கிற? கோயில்ல விழுற மாதிரி என்னைக் கீழ போடுங்கடா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார் பெரியப்பா.

அவர் சொன்ன தமிழில் 'கோயில்' ஒன்றுதான் செட்டிக்காரருக்குப் புரிந்திருக்கும். ஆனால் என்னைவிட முந்திக்கொண்டு பெரியப்பாவின் ஒரு தோளைப் பிடித்தது அவர்தான். இன்னொன்றை நான் பிடித்தேன். பலகையைச் சாய்ப்பதுபோல் மெதுவாக முகம் குப்புறச் சாய்த்துப் புல்லில் கிடத்தினோம். தலைக்கு மேல் கைகளை நீட்டிக் கூப்பினார். சாஷ்டாங்க நமஸ்காரம்!

பூட்ஸ் சத்தம் வந்து அவர் தலைக்கருகில் நின்றது. கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "இந்தக் கிழவன் மட்டும் ஏன் இப்படி?" என்று மலாயில் கேட்டார்.

செட்டிக்காரர் நிதானமாகச் சொன்னார்: "கோயிலில் சாமி முன்னால் நாங்கள் இப்படித்தான் விழுவோம், துவான். இதற்கு மேல் மரியாதை எங்களிடம் கிடையாது."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதிகாரியின் முகம் மலர்ந்தது. பெரியப்பாவைத் தூக்கி நிறுத்தச் சொன்னார். எங்களையும் சேர்த்துக் கூடாரத்துக்கு அழைத்துக்கொண்டு போய், பெரியப்பாவுக்கு ஒரு நாற்காலியைக் காட்டி, உட்காரச் சொல்லி உத்தரவிட்டார்.

உட்காரச் சொன்னால் மனிதர் எப்படி உட்காருவார்! முடியாது என்றால் உத்தரவை மீறியதாகும். வழுக்கி விழுந்தால் வைத்தியர் வாக்கு பலித்துவிடும். இந்த முறை செட்டிக்காரரை நம்பி நான் நிற்கவில்லை. தலையைத் தாழ்த்தி, மலாயில், "உங்கள் முன்னால் சரிசமமாக உட்காருவது எங்கள் வழக்கமில்லை, துவான். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டுமே" என்றேன். இது பச்சைப் பொய். அதிகாரிக்கு இன்னும் சந்தோஷம்! தலையாட்டிவிட்டார்.

அப்படித்தான் என் பெரியப்பா, ஒரு தலையும் மறைக்காத இடத்தில், நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு பந்தாட்டம் பார்த்தார். முதலில் கொஞ்ச நேரம் பழக்க தோஷத்தில் ஜனங்கள் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். பிறகு பந்தை விட்டுக் கண் நகரவில்லை. ஊர்ப் பையன் ஒருவன் ஓரமாகக் கொண்டுவந்து அடித்த பந்து, கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே போனது. கூட்டத்தில் மூச்சுப் பேச்சில்லை. ஜப்பான்காரனுக்கு எதிராகக் கோல் விழுந்தால் யார் கை தட்டுவார்கள்? ஒரு முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முதுகைக் காட்டி நின்றிருந்தால் பெரியப்பாவுக்கு அந்தக் கோல் தெரிந்தே இருக்காது.

"விழுந்துருச்சுடா... பாத்தேன்டா" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நானும் அழுதேன்.

கடைசியில் ஜப்பான்காரர்கள்தான் ஜெயித்தார்கள். ஜெயிக்காமல் விடுவார்களா?

வெளிச்சம் இருக்கும்போதே சம்பானில் திரும்பினோம். என் மனசு மட்டும் ஆறவில்லை. "அவனுங்க காலடியில உங்கள விழ வச்சிட்டேனே பெரியப்பா" என்றேன்.

வானத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர் சட்டென்று சொன்னார்: "யாருடா அவன் கால்ல விழுந்தா? என் மூக்குல பட்டது திடல் புல்லு. முப்பது வருசம் நமக்குச் சோறு போட்ட எடம். அதுக்கு விழாம வேற யாருக்கு விழுறது?"

அன்று இரவு மரவள்ளிக்கிழங்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தக் கோலைத் தவிர வேறு பேச்சே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் காலை உதறிக் காட்டுவார். சண்டை முடியும் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

ஒரு பந்தாட்டத்துக்காகக் கிழவர் உயிரோடு விளையாடினாயே என்று கேட்டவர்கள் உண்டு. இப்போது எனக்கே வயதாகி, பத்திரமாக வீட்டில் இருங்கள் என்று பிள்ளைகள் அன்பாகக் கதவைச் சாத்தும்போதுதான், அன்று நான் பெரியப்பாவின் உயிரோடு விளையாடவில்லை, அவர் உயிரோடு இருப்பதற்கு ஒரு காரணத்தைத்தான் தேடிக் கொடுத்தேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.